நாலரை அங்குலச் சுவர்

1942 ஆகஸ்ட் 26 இரவு சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தார்கள். பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கண்ணம்பாளையம் உள்ளிட்ட சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து திரண்டு போனவர்கள் கொளுத்தியது லாரிகளையும் கொட்டகைகளையும். பிறகு போலீஸ் வந்தது, ஊர் ஊராகத் தேடியது, பலர் சிறைக்குப் போனார்கள். கொங்கு நாட்டு விடுதலைப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த இரவைத் தாண்டிப் போக முடியாது. அறிவியல் நூலில் அந்த இரவுக்கு என்ன வேலை என்றால், ஒரு கேள்விக்காகத்தான்: இவ்வளவு பெரிய பேரரசு, தன் விமானதளத்தில் தீக்குச்சிக்குப் பயப்பட வேண்டிய கூரையை ஏன் போட்டது?

அவசரமும் செலவும் ஒரு காரணம். பெரிய காரணம் வெயில். பனை ஓலையும் தென்னங்கீற்றும் கரும்புச் சோகையும் காற்றை அடைத்து வைத்திருக்கும் பொருள்கள். ஒரே கனத்தில் எடுத்துக்கொண்டால், ஓலை வேய்ச்சல் வழியாக வெப்பம் கடக்கும் அளவு செங்கல்லில் கடப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இரும்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஓலையைவிடப் பல நூறு மடங்கு அதிகமாகக் கடத்தும். கனமாக வேய்ந்த சாளைக்குள் சித்திரை மத்தியானத்தில் படுத்துத் தூங்கலாம் என்பதைக் கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அஸ்ஸாம், வங்காளம், பர்மா முனைகளில் பிரிட்டிஷ் படையும் அமெரிக்கப் படையும் மூங்கிலும் ஓலையும் கொண்டு கட்டிய ‘பாஷா’ குடிசைகளில்தான் படுத்து எழுந்தன.

வெயிலைத் தடுக்கும் அதே காற்றுதான், தீப்பிடித்துவிட்டால் கொல்லன் பட்டறைத் துருத்தியாகிவிடுகிறது. காய்ந்த தாவர நார் 250, 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் பற்றிக்கொள்ளும். ஒவ்வோர் ஓலைக்கும் இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் தயாராக நிற்கிறது. இதோடு ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாதம், தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் காலம். மழையின் பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிட்டுச் சூலூருக்கு வெறுங்காற்றாக வந்து சேரும். ஆடிக் காற்று ஆவணியிலும் அடங்காத நிலம். எரிக்கப் போனவர்களுக்குப் பருவமும் துணைக்கு நின்றது.

விமானதளம் என்றதும் நம் கண்முன் வருவது ஓடுபாதை, ஹேங்கர், கண்ட்ரோல் டவர். ஆனால் தளத்தின் பெரும்பகுதி, மனிதர்கள் படுக்கவும் சாப்பிடவும் குளிக்கவும் கட்டிய இடம்தான். ஒரு கனரக குண்டுவீச்சு விமானத்தில் பறப்பது ஏழு முதல் பதினொரு பேர். அவர்களை மேலே அனுப்பத் தரையில் மெக்கானிக், சமையற்காரர், குண்டு ஏற்றுகிறவர், வானிலை பார்க்கிறவர், கணக்கெழுதுகிறவர் என்று ஒரு பட்டாளம் வேண்டும். இங்கிலாந்தில் ஒரு குண்டுவீச்சுத் தளத்தில் இரண்டாயிரம் பேருக்குமேல் குடியிருந்தார்கள். அன்றைய அளவில் அது ஒரு சிறு நகரம். அதுவும் சில மாதங்களில் எழும்பிய நகரம்.

கோவையிலிருந்து குண்டுவீசப் போனார்கள் என்று சொல்ல வரவில்லை. தென்னிந்தியாவில் லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் பயிற்சி நடந்தது கோலாரில். போருக்குக் கிளம்பிய தளங்கள் வங்காளத்தில் டிக்ரி, துபுலியா, சல்போனி என்று பரவிக் கிடந்தன. இலங்கையில் காங்கேசன்துறையிலிருந்து லிபரேட்டர்கள் பறந்தன. 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலை அருகே சீனக்குடாவிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையை நோக்கிக் கிளம்பின. கோவைக்குக் கிடைத்தது பின்வரிசை வேலை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் காக்கிநாடாவையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியபின், கடலோரத்தில் எதை வைத்தாலும் ஆபத்து என்றாகிவிட்டது. மலைக்கு இந்தப் பக்கம், ரயில் வசதியோடு, பஞ்சாலை மெஷின் ஓட்டிப் பழகிய ஆட்களோடு, 1932 முதல் ஓடிக்கொண்டிருந்த பைக்காரா மின்சாரத்தோடு, மதுக்கரையில் சிமெண்ட் ஆலையோடு இருந்த ஊர் கோவை. பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வந்தது. சூலூரிலும் கடற்படைக்கு ஒரு தளம் கிடைத்தது.

கடலே இல்லாத ஊரில் கடற்படையா என்று கேட்கலாம். பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத்தளங்களையும் கப்பல் என்றே பதிவு செய்யும். பீளமேட்டுப் பட்டறை ‘எச்.எம்.எஸ். கருடா’, சூலூர் ‘எச்.எம்.எஸ். வைரி’, தாம்பரம் ‘எச்.எம்.எஸ். வல்லூறு’. கேட்டைத் தாண்டி வெளியே போவதற்கு மாலுமிகளின் பேச்சில் கரைக்குப் போவது என்று பெயர்.

இப்படிப்பட்ட தளத்தில் படுக்கும் கட்டடத்தை எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. போருக்கு முன்பு கட்டிய தளங்களில் ஹேங்கருக்குப் பக்கத்திலேயே பாரக்ஸ், மெஸ், அலுவலகம் எல்லாம் நெருக்கமாக இருக்கும். 1940-ல் ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் தளங்களைக் குறிவைத்தபோது அந்த நெருக்கத்தின் விலை தெரிந்தது. அதற்குப் பிறகு கட்டிய தளங்களில் குடியிருப்பை ஓடுபாதையிலிருந்து விலக்கி, அதையும் பல துண்டுகளாக்கி, வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே சிதறவிட்டார்கள். எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் சாப்பாட்டுக்கூடம், குளியலறை, சினிமாக் கொட்டகை ஒரு துண்டு, படுக்கும் கொட்டகைகள் வேறு நாலைந்து துண்டு, ஆஸ்பத்திரி தனி. படுக்கையிலிருந்து சாப்பாட்டுக்குப் போக சைக்கிள் தேவைப்பட்டது.

எவ்வளவு விலக்கினால் போதும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. குண்டு வெடிக்கும்போது கிளம்பும் அழுத்த அலை எல்லாத் திசையிலும் பரவுவதால், குண்டின் எடைக்கும் அது சேதம் செய்யும் தூரத்துக்கும் நேர் விகிதம் கிடையாது. தூரம், எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் பெர்ட்ரம் ஹாப்கின்சன் கண்ட விதி இது. 250 கிலோ வெடிமருந்து 50 மீட்டரில் செய்யும் சேதத்தை 100 மீட்டரில் செய்ய 500 கிலோ போதாது. 2000 கிலோ வேண்டும். எட்டு மடங்கு வெடிமருந்துக்குக் கிடைப்பது இரண்டு மடங்கு எட்டும் தூரம்தான். ஆகவே கட்டடத்தைக் கனமாக்குவதைவிட இடைவெளியைக் கூட்டுவது மலிவு. சுவரில் போட வேண்டிய பணத்தைத் தூரத்தில் போட்டார்கள். அதனால்தான் சுவர் மெலிதாக இருக்க முடிந்தது.

எவ்வளவு மெலிது என்றால் நாலரை அங்குலம். நம் கொத்தனார்கள் இன்றும் அறைத் தடுப்புக்கு மட்டும் வைக்கும் கனம். பத்தடிக்கு ஒருமுறை போல ஒன்பது அங்குலத் தூண் ஒன்றைச் சுவரோடு சேர்த்து எழுப்பி, வெளியே சிமெண்ட் பூசி, மேலே சாய்கூரை போட்டால் வேலை முடிந்தது. சுவரின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. தூண் நிற்கும் இடத்தில் மட்டும் கனத்தைக் கூட்டினால், ஒன்பது அங்குலச் சுவருக்கு வேண்டிய செங்கல்லில் பாதிக்குச் சற்று மேல் செலவழித்து, காற்றைத் தாங்கும் நீளமான சுவர் கிடைத்துவிடும். பழைய பட்டாளக் கொட்டகை ஒன்றை அடையாளம் காண இந்தத் தூண் வரிசையைப் பார்த்தால் போதும். கூரையின் எடை தூணில் இறங்குகிறது. நடுவில் உள்ள சுவருக்குத் திரைச்சீலை வேலைதான். பின்னாளில் குடிவந்தவர்கள் பயமில்லாமல் அதில் கதவு வெட்டினார்கள், ஜன்னல் அடைத்தார்கள்.

செங்கல்லுக்கும் நேரமில்லாத இடத்துக்கு நிஸ்ஸன் கொட்டகை. பீட்டர் நார்மன் நிஸ்ஸன் என்ற சுரங்கப் பொறியாளர், 1916-ல் பிரிட்டிஷ் படையின் பொறியியல் பிரிவில் இருந்தபோது வடிவமைத்தது. நெளித்தகடுகளை அரைவட்டமாக வளைத்துப் பூட்டினால் அதுவே சுவர், அதுவே கூரை. ஆறு பேர் நாலு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். மொத்தச் சாமானும் ஒரு ராணுவ வண்டியில் அடங்கும். அந்தப் போர் முடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் செய்யப்பட்டதாகக் கணக்கு. அடுத்த போரில் 16, 24, 30 அடி அகலங்களில் உலகம் முழுக்கப் போனது.

இங்கிலாந்தின் குளிரில் நிஸ்ஸன் கொட்டகைக்குள் நடுங்கினார்கள். இந்தியாவில் அதே கொட்டகை ஓர் அடுப்பு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புதுத் தகரம் பளபளவென்று இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், குளுகுளு என்று இருக்கும் என்று தோன்றும். துத்தநாகம் பூசிய தகடு வெயிலில் ஒரு பங்கைத் திருப்பியனுப்புவது உண்மை. ஆனால் உள்வாங்கிய மிச்சத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றுவதில் அது மகா மந்தம். வரவு பாதி, செலவு கால் என்று நிற்பதால் சூடு ஏறிக்கொண்டே போகும். சுண்ணாம்பு அடித்த பரப்பில் நிலைமை தலைகீழ்: வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும், உள்ளே போன கொஞ்சத்தையும் தாராளமாக வெளியேற்றும். மொட்டை மாடியில் வெள்ளையடிக்கிற இன்றைய ‘கூல் ரூஃப்’ திட்டங்களின் இயற்பியல் இதுதான். தகரத்தின் மேல் கீற்றைப் போட்டு வைக்கிற நம் ஊர் வழக்கம் இதைவிடப் பழையது, இன்னும் நன்றாக வேலை செய்வது. தீயை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே நின்றது சீமை ஓடு. பாசல் மிஷன் மங்களூரில் 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழில் கேரளக் கடற்கரை நெடுகப் பரவியிருந்தது. கோழிக்கோட்டுப் பக்கத்து ஃபெரோக் அதில் பெயர்பெற்றது; அங்கிருந்து பாலக்காடு வழியாக ரயிலில் கோவைக்கு வரலாம். ஓடு எரியாது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்துகள் வழியாக மேலேறிய சூடான காற்று வெளியே கசிந்துவிடும். உடைந்தால் ஒரு ஓட்டை மட்டும் மாற்றலாம். பஞ்சாலை லைன் வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சந்தைக் கட்டடங்களுக்கும் கோவை வட்டாரம் ஓட்டையே தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. நூறு ஆட்களை மலிவாக, நோய் வராமல், ஷிப்டுக்கு எழுப்பும் தூரத்தில் படுக்கவைப்பது எப்படி என்ற கணக்கை மில் முதலாளியும் ராணுவப் பொறியாளரும் ஒரே காலத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெலிந்த சுவர் சிக்கனத்துக்காக வந்தது என்றேன். படுக்கும் இடத்துக்கு அது நல்லதும்கூட. வெளிச்சுவரில் விழுந்த வெயில் உள்ளே வந்து சேரச் சுவரின் கனத்துக்கேற்ற நேரமாகும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் அது ஆறேழு மணி நேரம். மத்தியானம் மூன்று மணி வெயில், இரவு ஒன்பது, பத்து மணிக்குப் படுக்கையருகே வந்து நிற்கும். நாலரை அங்குலச் சுவரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்து, பொழுது சாய்ந்து சற்று நேரத்தில் ஆறிவிடும். ஆகவே பகலில் உட்காரும் அலுவலகத்துக்குத் தடிச் சுவர், இரவில் படுக்கும் கொட்டகைக்கு மெல்லிய சுவர் என்பதே சரியான பங்கீடு. அன்று மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராகப் பெங்களூரில் இருந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், வெப்பமண்டலக் கட்டடங்களின் இந்த இலக்கணத்தைப் பின்னாளில் பாடநூலாகவே எழுதினார். போர்க்காலத் தளங்களைக் கட்டியவர்கள் அதைப் படித்துக் கட்டியவர்கள் அல்ல. செங்கல்லை மிச்சம் பிடித்தார்கள், இரவுத் தூக்கம் இலவசமாகக் கிடைத்தது. இன்று நாம் கான்கிரீட் தளத்துக்குக் கீழே படுத்து, பகல் வெயிலை இரவு பதினொரு மணிக்கு வாங்கிக்கொண்டு, ஏசி போட்டு வெளியே தள்ளுகிறோம்.

காற்றுக்கு வருவோம். விமானம் எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். ஓடுபாதை ஊரின் முக்கியக் காற்றுக்கு இணையாக அமையும். கோவை விமான நிலைய ஓடுபாதையின் இரு முனைகளில் 05, 23 என்று எழுதியிருக்கும். வடக்கிலிருந்து 50 டிகிரி, 230 டிகிரி என்று பொருள், அதாவது தென்மேற்கு–வடகிழக்கு. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயின் காற்றைத் தரையில் கோடு கிழித்துக் காட்டியது போன்ற திசை.

படுக்கும் கொட்டகைக்கு விதி நேர்மாறு. காற்று ஒரு நீளச் சுவரின் ஜன்னலில் நுழைந்து எதிர்ச் சுவரின் ஜன்னலில் வெளியேற வேண்டும். ஆகவே கட்டடம் காற்றுக்குக் குறுக்கே, ஓடுபாதைக்குச் செங்குத்தாகக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடத்தினால் கோவையில் ஒரு சங்கடம் வரும். காற்று வரும் தென்மேற்குத் திசையில்தான் சாயங்கால வெயிலும் இருக்கிறது. நீளச் சுவர் முழுக்க மூன்று மணி வெயிலை வாங்கும். 11 டிகிரி அட்சரேகையில் உள்ள நமக்கு சூரியன் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நாலாம் வாரத்திலும் நேர் உச்சிக்கு வருகிறது. மத்தியான வெயிலைக் கூரை வாங்கிக்கொள்ளும்; மேற்குச் சுவர்தான் உண்மையான எதிரி. தீர்வு ஒரு சமரசம்: நீளத்தைக் கிழக்கு மேற்காகக் கிடத்தி, குட்டையான பக்கத்தை மேற்குக்குக் கொடுத்துவிடுவது. காற்று ஜன்னலில் நேராக வராமல் சாய்வாக வரும். நாற்பத்தைந்து டிகிரிவரை சாய்ந்து வந்தாலும் அறைக்குள் ஓட்டம் பெரிதாகக் குறையாது. சில வேளை மூலைமுடுக்கெல்லாம் சுற்றி வரும். இதோடு எட்டடி வராண்டா ஒன்றை இழுத்துவிட்டால் வெயிலின் கதை முடிந்தது.

சமையல்கட்டையும் கக்கூஸையும் காற்றின் கீழ்ப்புறம் வை என்பது பட்டாளச் சுகாதாரக் கையேடுகளின் பழைய கட்டளை. கோவையில் கீழ்ப்புறம் எது? ஜூன் முதல் செப்டம்பர் வரை வடகிழக்கு. ஐப்பசி பிறந்தால் காற்று திரும்பி அதுவே மேல்புறமாகிவிடும். இரண்டு காற்றுக்கும் குறுக்கான ஒரு திசையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்தியாவில் ஒரு தளத்துக்கு ஒரு சமையல்கட்டு போதாது. வெள்ளை அதிகாரிகளுக்கு ஒன்று, வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஒன்று, இந்தியச் சிப்பாய்களுக்குத் தனி, பின்னால் திரியும் கூலி வேலைக்காரர்களுக்கு இன்னும் தனி. ஒரே போர், ஒரே எதிரி, நாலு அடுப்பு. நம் சாதிக் கணக்கும் அவர்கள் நிறக் கணக்கும் தள வரைபடத்தில் கைகோத்துக்கொண்டன.

கொட்டகைக்குள் போய்க் கட்டிலைப் பார்க்கலாம். நீளச் சுவரோரம் தலைமாடு வைத்து, இரண்டு வரிசை, நடுவில் நடைபாதை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு ஜன்னல். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு இடைவெளி? இதைத் தீர்மானித்தது ஒரு கிருமி. 1917-ல் இங்கிலாந்தின் கேட்டரம் முகாமில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஜே. ஏ. குளோவர் என்ற ராணுவ மருத்துவர் சிப்பாய்களின் தொண்டையைத் துடைத்துச் சோதித்தார். நோயில்லாமலேயே கிருமியைச் சுமக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் சிலர் உண்டு. போர் நெரிசலில் கட்டில்களை ஓரடிக்கும் குறைவாக நெருக்கியபோது அவர்களின் எண்ணிக்கை எகிறியது. நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் நோய் வெடிக்கும் என்று கண்டார். கட்டில்களுக்கிடையே இரண்டரை அடி விட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்தபோது சில வாரங்களில் அது மளமளவென்று இறங்கியது. இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் சில அடிக்குள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை மிதக்கும், அவற்றைக் காற்றோட்டம்தான் கலைக்க வேண்டும். 2020-ல் கடை வாசல்களில் வட்டம் போட்டு நிற்கவைத்தபோது நாம் பழகியதன் தாத்தா இந்தக் கட்டில் இடைவெளி.

ஜன்னலைத் திறந்தால் கொசு. சூலூருக்குப் பக்கத்தில் நொய்யல் தண்ணீர் வாங்கும் குளங்கள். கொங்கு முழுக்கக் கிணறுகள். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சைக்குக் கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடுவது பிடிக்கும். வலைக்கம்பி அடித்தால் கொசு நிற்கும், காற்றும் பாதி நின்றுவிடும். ஒரு தலைமுறை இந்த இழுபறியில் கழிந்தது. மெப்பாக்ரின் மாத்திரை வந்தது. தோல் மஞ்சளாகும் என்று சிப்பாய்கள் முகம் சுளித்தார்கள். போரின் கடைசிப் பகுதியில் டி.டி.டி. வந்தது. அதன் சாமர்த்தியம் கொசுவின் ஒரு பழக்கத்தில் இருக்கிறது: வயிறு முட்ட இரத்தம் குடித்தபின் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் உட்காரும். சுவரில் மருந்தடித்து வைத்தால் வேலை முடிந்தது. இங்கே சுவரும் முக்கியம். மண் சுவர் டி.டி.டி.யை உள்ளே உறிஞ்சிக்கொண்டு, மேற்பரப்பில் விஷமில்லாமல் செய்துவிடும்; சிமெண்ட் பூசிய, வழவழப்பான சுவரில் மருந்து வெளியிலேயே நெடுநாள் நிற்கும். பட்டாளக் கொட்டகையில் கிடைத்த பலன் பக்கத்து ஊர் மண் வீட்டில் அதே அளவு கிடைக்காது. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஊர் ஊராக மருந்தடிக்கக் கிளம்பியபோது எதிர்ப்பட்ட சிக்கல்களில் இதுவும் ஒன்று.

போர் முடிந்தது. சில ஆண்டுக்கென்று கட்டியவை என்ன ஆயின?

ஓடுபாதையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் அன்றைய ஓடுபாதைகள் இன்றும் தரையில் தெரிகின்றன. சோழவரத்தில் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. குடியிருப்புகளின் கதி வேறு. ஆளில்லாத கட்டடம் கலையும் வரிசை எங்கும் ஒன்றுதான். முதலில் கதவும் ஜன்னலும், அடுத்து கூரைத் தகடும் ஓடும், பிறகு மரச்சட்டம். கூரை போனபின் சுவரின் தலையில் மழை இறங்கும். நாலரை அங்குலச் சுவருக்குக் கூரைதான் மேல்பிடி. அது இல்லாவிட்டால் நாலைந்து பருவமழைக்குள் சாயத் தொடங்கும். கோவையில் மழை குறைவு என்பது சாதகம். கரிசல் மண் பாதகம். அந்த மண்ணில் உள்ள களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கனமான கட்டடம் அதை அழுத்திப் பிடிக்கும். இலேசான கொட்டகையை அது ஐப்பசியில் தூக்கி, மாசியில் இறக்கி விளையாடும். கடைசியில் மிஞ்சுவது சிமெண்ட் தரை மட்டும்.

ஆள் குடியிருந்தால் கதை மாறும். வங்காளத்தில் நதியா மாவட்டத்துத் துபுலியாவில் 1944-45-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 99-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு இருந்தது. பிரிவினைக்குப்பின் அந்தத் தளத்தின் கொட்டகைகளில் கிழக்கு வங்காளத்து அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். மேற்கு வங்கத்தின் மிகப்பெரிய அகதி முகாம்களில் ஒன்றாக அது ஆனது, காசநோய் ஆஸ்பத்திரியும் அங்கே வந்தது. சில ஆண்டுக்கென்று போட்ட கூரைக்குக் கீழே பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள்.

கரக்பூர் பக்கத்து ஹிஜ்லியில் 1930-ல் அரசியல் கைதிகளுக்காகத் திறந்த தடுப்பு முகாம், 1944-ல் பி-29 விமானங்களை நடத்திய அமெரிக்க 20-ஆம் குண்டுவீச்சுப் பிரிவின் தலைமையகமானது. கைதியை வெளியே விடாமல் வைக்கக் கட்டிய தடிச் சுவர், வரைபடமும் வானிலை அறிக்கையும் வைத்துப் பகல் முழுக்க வேலை பார்க்கிறவர்களுக்குப் பொருந்தியது. சுற்றிலும் இருந்த தளங்களில் மெக்கானிக்குகள் பட்ட பாடு வேறு: விமானத்தின் உலோகத்தில் பகலில் கை வைக்க முடியாமல் விடியலிலும் இரவிலும் வேலை செய்தார்கள். 1951-ல் அதே ஹிஜ்லிக் கட்டடத்தில் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது. இன்று அது நேரு அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம்.

சூலூர் மூன்றாவது வகை. தளம் கைவிடப்படவும் இல்லை, படைகளின் கையை விட்டுப் போகவும் இல்லை, இன்று விமானப்படையிடம் இருக்கிறது. 2018 முதல் தேஜஸ் போர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. 2020 மே மாதம் இரண்டாவது தேஜஸ் ஸ்குவாட்ரனும் அங்கேயே தொடங்கியது. இயங்கும் தளம் பழைய கட்டடத்துக்குக் காவலும் தரும், ஆபத்தும் தரும். செங்கல் திருட ஆள் உள்ளே வர முடியாது. ஆனால் புது ஹேங்கர் வேண்டுமென்றால் புல்டோசருக்கு உள்ளிருந்தே உத்தரவு போகும். இந்த இரண்டில் எனக்குப் பயம் இரண்டாவதில்தான்.

சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. 1958-ஆம் ஆண்டின் பழஞ்சின்னங்கள் சட்டப்படி நினைவுச்சின்னம் என்று அறிவிக்கக் கட்டடத்துக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். 1942-ல் கட்டியதற்கு அந்தத் தகுதி 2042-ல்தான் வரும். அழகு, வேலைப்பாடு என்று எதையும் காட்டி முந்திக்கொள்ளவும் இவற்றுக்கு வழியில்லை. ஆனால் பாதுகாக்க முடியாததைப் பதிவு செய்ய முடியும். சுவர் கனம், தூண் இடைவெளி, ஜன்னல் உயரம், கூரைச் சாய்வு, கட்டடம் வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது: ஒரு கொட்டகைக்கு இவ்வளவு எழுதிக்கொண்டால் அதன் வெயில் கணக்கையும் காற்றுக் கணக்கையும் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிடலாம். கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள் நாலு பேர், ஒரு டேப், ஒரு திசைகாட்டி, ஓர் ஏணி போதும். கேட்டுக்குள் போக அனுமதிச் சீட்டுதான் கஷ்டம்.